புள்ளிமானின் பஞ்சாங்கம்

மான் எங்கே வாழ்கிறது என்று கேட்டால் காட்டில் என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். எந்தக் காட்டில் என்று மேலும் துருவினால், முதுமலை என்றோ பந்திப்பூர் என்றோ ஓர் இடத்தின் பெயரைச் சொல்லி நாமும் திருப்தியடைந்துவிடுகிறோம். ஆனால் அங்கே பன்னிரண்டு மாதமும் வயிறு வளர்க்க வேண்டிய மானின் பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்கு, முதுமலை என்று ஒரே காடு இருப்பதாகத் தோன்றாது. ஆடியில் முழங்காலளவு பசும்புல் படர்ந்து நிற்கும் முதுமலை ஒன்று. தை மாதத்தில் நெல்லிக்காய் உதிர்ந்து கிடக்கும் முதுமலை வேறொன்று. பங்குனி வெயிலில் இலையெல்லாம் கொட்டி, சருகும் சாம்பலுமாக வெறிச்சோடிக் கிடக்கும் முதுமலை மூன்றாவதொன்று. மாதத்துக்கு மாதம் மான் இடம் மாறுகிறது, ஆகாரம் மாறுகிறது, கூடி மேயும் கூட்டத்தின் அளவுகூட மாறுகிறது. இந்த மாற்றங்களையெல்லாம் கவனித்துக்கொண்டு வந்தால் ஓர் உண்மை புலப்படும். வருஷத்தில் ஒன்பது மாதம் காடு எவ்வளவு தாராளமாக வாரி வழங்கினாலும், மிஞ்சிய மூன்று மாதத்தில் ஒதுங்குவதற்கு ஈரமுள்ள ஒரு மூலை இல்லையானால், அந்தத் தாராளத்தால் மானுக்கு ஆவது ஒன்றுமில்லை. ஒரு காடு எத்தனை மான்களைத் தாங்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது காட்டின் மொத்த விஸ்தீரணம் அன்று, கோடையில் பசுமை மிஞ்சும் அந்தச் சிறு துண்டுதான் என்பது என் கட்சி.

முதுமலையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நீலகிரி மலையின் வடக்கு அடிவாரத்தில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் கிடக்கும் இந்தப் பிரதேசம் 1940-இல் சரணாலயமாயிற்று. 2007-இல் புலிகள் காப்பகமாயிற்று. அதன் உட்பகுதியின் பரப்பு 321 சதுர கிலோமீட்டர். பரப்பைக் காட்டிலும் அதன் மழைதான் விசேஷம். தென்மேற்குப் பருவக்காற்று கேரள எல்லையில் கொட்டித் தீர்த்துவிட்டுக் கிழக்கே நகர நகர வறண்டுபோவதால், மேற்கோரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் பெய்கிற மழை, முப்பது கிலோமீட்டர் தள்ளி மசினகுடிக்குக் கிழக்கே சீகூர்ப் பக்கம் போவதற்குள் அதில் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே மேற்கே மூங்கிலும் ஆளுயரப் புல்லுமாக ஈரப்பதமுள்ள இலையுதிர் காடு. நடுவே தேக்கும் வெக்காலியும் மருதும் நிற்கும் வறண்ட இலையுதிர் காடு. கிழக்கே வேலும் இலந்தையும் மண்டிய முட்காடு. ஒரே நாளில் நடந்து கடந்துவிடக்கூடிய தூரத்துக்குள் மூன்று விதமான பூமி அமைந்திருப்பது அதிசயம்தான். இவற்றுக்கு இடையே, தாழ்ந்த பள்ளங்களில், நீர் ஊறிக்கொண்டே இருக்கும் சதுப்பான புல்வெளிகள் ஆங்காங்கே உண்டு. அவற்றை அந்தப் பக்கத்து ஜனங்கள் வயல் என்றே அழைக்கிறார்கள்; காட்டுக்குள்ளிருந்த ஊர்களில் அவற்றில் சிலவற்றில் நெல்லும் பயிரிட்டு வந்தார்கள். இந்த வயல்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யானை இந்த மூன்று பூமியையும் ஒரே பிரயாணத்தில் அளந்துவிடும்; மழைக்கு ஒரு திசையும் வெயிலுக்கு ஒரு திசையுமாக நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டரில் அது உலாவுகிறது. புள்ளிமானுக்கு அந்தச் சக்தி கிடையாது, அந்தச் சுபாவமும் கிடையாது. ஆண் மான் 80 கிலோ எடை இருந்தால் நல்ல வளர்ச்சி. பிணைமான் அதைவிடச் சிறியது. பிறந்த இடத்தைச் சுற்றிச் சில சதுர கிலோமீட்டருக்குள்ளேயே அதன் ஆயுள் கழிந்துவிடுகிறது. ஆகையால் மானின் வருஷப் பிரயாணம் நாம் படத்தில் பார்க்கும் ஆப்பிரிக்கக் காட்டுமாடுகளின் பெருநடை போன்றது அன்று. மேட்டிலிருந்து பள்ளத்துக்கும், பள்ளத்திலிருந்து ஓடைக் கரைக்கும், மரநிழலிலிருந்து வெட்டவெளிக்குமாக ஒன்றிரண்டு கிலோமீட்டர் நகர்ந்துகொள்வதுதான். கண்ணுக்கு எடுப்பாகத் தெரியாத காரணத்தாலேயே இந்தச் சிறு நகர்வை நாம் கவனிப்பதில்லை; கவனியாமல் நடுவே ஒரு வேலியோ விடுதியோ எழுப்பிவிடுகிறோம்.

ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும், கருகிக் கிடந்த மண்ணிலிருந்து புல் ஊசி ஊசியாகக் கிளம்புகிறது. அந்த இளம்புல்லில் புரதம் மிகுதி, நார் குறைவு. ஆதலால் வயிற்றுக்குள் போன வேகத்தில் ஜீரணமாகிறது. கோடை முழுவதும் எலும்பும் தோலுமாகத் திரிந்த மான்கள் இரண்டு வாரத்தில் மினுமினுப்பு ஏறி நிற்கின்றன. உணவு எங்கும் பரவிக் கிடப்பதால் ஒன்றையொன்று விரட்டிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. ஐந்தும் ஆறுமாகப் பிரிந்திருந்தவை ஐம்பது, அறுபது என்று திரண்டு திறந்த வெளிகளில் மேய்கின்றன. கூட்டம் பெருகினால் காவலுக்குக் கண்களும் காதுகளும் பெருகுகின்றன என்பது இன்னொரு லாபம்; ஒவ்வொன்றும் தலை நிமிர்ந்து பார்க்கும் நேரம் குறைந்து, குனிந்து மேயும் நேரம் கூடுகிறது.

இந்தச் செழிப்பு நீடிக்கும் என்று நினைத்தால் அது பிழை. ஆவணியும் புரட்டாசியும் வந்ததும், வேண்டிய மட்டும் மழை குடித்த புல் தண்டு முற்றி, ஆள் மறையும் உயரத்துக்கு எழும்பிவிடுகிறது. வெளியிலிருந்து வந்து பார்க்கிறவர்கள், ஆகா, மானுக்கு எவ்வளவு தீனி என்று மகிழ்ந்துபோவார்கள். ஆனால் அத்தனை புல்லும் மானுக்கு இரட்டைத் துன்பம். முற்றிய தண்டு யானைக்கும் காட்டெருமைக்கும் உதவுமே ஒழிய, மானின் மெல்லிய வாய்க்கும் சிறிய வயிற்றுக்கும் ஏற்றதன்று. மேலும் அந்தப் புல்லுக்குள் ஒரு சிறுத்தை பத்தடி தூரத்தில் பதுங்கியிருந்தாலும் தெரியாது. ஆகவே செழிப்பின் உச்சத்தில் இருக்கும்போதே மான் அந்த இடங்களைக் கைவிட்டு, பாதையோரங்கள், தீத்தடுப்புக் கோடுகள், யானைகள் மிதித்துத் தாழ்த்திய இடங்கள், தெப்பக்காட்டு யானை முகாமைச் சுற்றியுள்ள கட்டைப்புல் தரைகள் ஆகியவற்றுக்கு வந்துவிடுகிறது. இராக்காலத்தில் மனிதர் குடியிருப்புகளுக்குச் சமீபமாக மான்கூட்டம் வந்து படுத்துக்கிடப்பதைக் கண்டு, மனிதரிடம் அவற்றுக்குப் பிரியம் என்று சிலர் உருகுவதுண்டு. பிரியம் ஒன்றுமில்லை, வெட்டவெளியும் வெளிச்சமும் இருக்கும் இடத்துக்குப் புலி வரத் தயங்கும் என்ற கணக்குத்தான் அது.

ஐப்பசி, கார்த்திகையில் காட்சி மாறுகிறது. மேற்கே புல் பழுத்து வைக்கோலாகத் தொடங்கும் சமயத்தில்தான் வடகிழக்குப் பருவமழை கிழக்கே சீகூர் மேட்டிலும் மோயாற்றுப் பள்ளத்தாக்கிலும் பெய்து, முட்காட்டுத் தரையில் அறுகும் சிறு பூண்டுகளும் தளிர்க்கின்றன. அந்தப் பக்கத்து மான்களுக்கு இது இரண்டாவது வசந்தம். முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு மான்கூட்டங்களின் பஞ்சாங்கம் இவ்வாறு ஒன்றுக்கொன்று மாறுபட்டு நிற்கிறது. ஒன்றுக்கு வளர்பிறையாக இருக்கும் மாதம் மற்றொன்றுக்குத் தேய்பிறை.

மார்கழி, தை மாதங்களில் முற்றிய நெல்லிக்காய் மரத்தடியில் உதிர்கிறது. அந்த வேளையில் ஒரு நெல்லி மரத்தைச் சற்றுத் தள்ளி நின்று கவனித்தால், காட்டு வாழ்க்கையின் பல நுட்பங்களை ஒரே இடத்தில் காணலாம். மேலே கிளையில் சாம்பல் நிற மந்திகள் உட்கார்ந்து காயைப் பறிக்கின்றன. ஒரு கடி கடித்துப் பார்த்து, மனத்துக்குப் பிடிக்காததைக் கீழே போட்டுவிடுகின்றன. தழையையும் ஒடித்துப் பாதி தின்று பாதி நழுவவிடுகின்றன. மந்திகளின் இந்த ஊதாரித்தனம் மானுக்குப் பெரிய உபகாரம். பிணைமான் ஒன்று முன்வந்து, காயை நாவால் புரட்டி, முழுசாக விழுங்கிவிட்டு, அடுத்த காய்க்கு மூக்கை நீட்டும். ஒரு காதை மட்டும் பின்னுக்குத் திருப்பி வைத்துக்கொள்ளும். மேலேயிருக்கும் மந்திக்குப் புலி முன்னதாகத் தெரியும், கீழேயிருக்கும் மானுக்கு வாசனை முன்னதாகத் தெரியும். ஒன்று குரல் கொடுத்தால் மற்றொன்றும் ஓடும். வயிறு நிறைந்தபின் மான் மரத்தடியில் நிற்பதில்லை. பாதுகாப்பான ஒரு நிழலைத் தேடிப் படுத்து அசைபோடத் தொடங்குகிறது. அப்போது கரையாத நெல்லிக்கொட்டைகள் வயிற்றிலிருந்து வாய்க்கு வருகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் துப்பிவிடுகிறது. தாய்மரத்திலிருந்து வெகு தூரத்தில், மான் படுத்த இடங்களில், அடுத்த மழைக்கு நெல்லிக் கன்றுகள் முளைப்பதன் ரகசியம் இதுவே. தின்றவன் விதைத்தும் போகிறான்.

காயும் கொட்டையும் மட்டுமல்ல. மாசி, பங்குனியில் முள்ளிலவின் தடித்த சிவப்புப் பூக்கள் பொத்துப் பொத்தென்று விழும்போது, அவற்றையும் மான் பொறுக்கித் தின்கிறது. பலாசின் பூவும், குமிழின் பழமும் அப்படியே. மழைக்காலம் முழுவதும் புல் மேய்ந்த பிராணி, பனிக்காலத்திலிருந்து மெல்ல மெல்லத் தழைக்கும் காய்க்கும் சருகுக்கும் மாறிக்கொள்கிறது. இந்த மாற்றம் ருசியைப் பற்றியது அன்று. அசைபோடும் பிராணிகளின் வயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. புல்லின் நாரைச் சிதைத்து ஆகாரமாக்கித் தருவது அவைதான். அவற்றுக்கும் புரதம் வேண்டும். காய்ந்த புல்லில் புரதத்தின் அளவு நூற்றுக்கு 7 பங்குக்கும் கீழே இறங்கிவிட்டால், அந்த நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடுகின்றன; தின்ற புல் ஜீரணமாகாமல் வயிற்றிலேயே தங்குகிறது; வயிறு நிறைந்திருக்கும்போதே மான் பட்டினியால் மெலிகிறது. பச்சைத் தழையில் புரதம் அவ்வளவு விரைவாகக் குறைவதில்லை. அதனால்தான் இலையுள்ள புதரையும், ஆழத்தில் வேர்விட்டுக் கோடையிலும் துளிர்க்கும் மரத்தையும் மான் தேடிப் போகிறது. ஆனால் தழையில் கசப்பும் துவர்ப்பும் நஞ்சும் கலந்திருப்பதால், ஒரே செடியை மொட்டையடிக்காமல், இங்கே ஒரு வாய், அங்கே ஒரு வாய் என்று பலவற்றைக் கலந்து தின்ன வேண்டியிருக்கிறது. அந்த ஜாக்கிரதைக்கு விஸ்தாரமான இடமும் பலவிதச் செடிகளும் தேவை. ஒரே தேக்காக நட்டு வளர்த்த தோப்பில் அவை கிடைக்குமா?

பங்குனி, சித்திரையில் காட்டின் கணக்கு நீரைச் சுற்றிச் சுருங்கிவிடுகிறது. புள்ளிமானுக்கு நாள்தோறும் தண்ணீர் வேண்டும். மழைக்காலத்தில் புல்லின் ஈரமும் பனித்துளியுமே பெரும்பாலும் போதும், கோடையில் போதாது. சிற்றோடைகள் ஒவ்வொன்றாக வற்ற, மோயாறும் அதன் கிளையாறுகளும், ஆற்று மடுக்களும், சில குட்டைகளுமே மிஞ்சுகின்றன. மேட்டு நிலங்கள் அநேகமாகக் காலியாகி, மான்களெல்லாம் நீர்க்கரைக்கு நடக்கும் தூரத்துக்குள் வந்து சேர்கின்றன. நாவலும் நீர்மருதும் புங்கும் அடர்ந்த ஆற்றோரத்தில் நிழல் கிடைக்கிறது. நான் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன வயல்களில், சுற்றியுள்ள மேடெல்லாம் பொன்னிறமாகக் காய்ந்த பிறகும், அடிநீரின் ஊற்றால் ஒரு பச்சைத் திட்டு உயிரோடு இருக்கிறது. வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும் அந்தத் திட்டில், காலையிலும் அந்தியிலும், மானும் காட்டெருமையும் பன்றியும் யானையும் முறைவைத்து மேய்கின்றன. கர்ப்பம் தாங்கிய பிணையும், பால்கொடுக்கும் பிணையும் அந்த வாரங்களைக் கடந்தால்தான் அடுத்த வருஷத்துக் கூட்டம்.

அதே நீர்க்கரை அபாயத்தின் களமாகவும் இருக்கிறது. எல்லா மானும் ஓரிடத்துக்கு வந்தாக வேண்டும் என்பதைப் புலியும் சிறுத்தையும் செந்நாயும் அறிந்திருக்கின்றன. செந்நாய்க் கூட்டம் துரத்தும்போது மான் பல சமயம் ஆற்றுக்குள்ளேயே பாய்ந்து, கழுத்தளவு நீரில் நின்றுவிடுகிறது. நாய்கள் கரையில் காத்துக்கிடக்கும். தாகத்துக்கும் பயத்துக்கும் நடுவே மான் செய்துகொள்ளும் சமரசம் நேரத்தில் தெரிகிறது: நடுப்பகல் முழுவதும் நிழலில் அசையாமல் படுத்திருந்து, வெளிச்சம் நன்றாக இருக்கும் பின்மாலையில், கூட்டமாக, நின்று நின்று, திறந்த கரை வழியாக நீருக்கு இறங்குகிறது. புதர் அடர்ந்த கரை பக்கத்திலேயே இருந்தாலும் அதை விலக்கிச் சுற்றிக்கொண்டு போகிறது.

தீயைப் பற்றிச் சொல்லாமல் கோடையைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இலையுதிர் காட்டில் தீ பரவுவது பழைய கதை. பெரும்பாலும் மனிதர் கையால் உண்டாகும் தீ. எரிந்த இடத்தில் கோடைமழை ஒன்று விழுந்தால், சாம்பலைக் கிழித்துக்கொண்டு இளம்புல் கிளம்புகிறது. மான்கள் அங்கே கூடிவிடுகின்றன. இதைப் பார்த்துவிட்டுத் தீ நல்லதுதானே என்று வாதிப்பவர்கள் உண்டு. ஒரு மழையை நம்பி வைக்கும் பந்தயம் அது. கோடைமழை தவறிவிட்டால், எரியாமல் இருந்திருந்தால் மிஞ்சியிருக்கக்கூடிய சருகும் காயும் தழையும் போய், வெறும் கரியே எஞ்சும். அடிக்கடி எரிந்தால் மரக்கன்றுகள் மாண்டு, நெருப்புக்கு அஞ்சாத உண்ணிச்செடி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

கொம்பும் பருவத்துக்குக் கட்டுப்பட்டதே. மாட்டின் கொம்பைப்போல் மானின் கொம்பு நிலையானதன்று; ஆண் மானின் தலையிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை உதிர்ந்து, மென்மயிர் போர்த்த தோலுக்குள் புதிதாக வளர்கிறது. சில மாதங்களில் இத்தனை எலும்பைத் தலைமேல் எழுப்புவதற்குச் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் ஏராளமாக வேண்டும். அவற்றுக்காக மான் உப்பு மண்ணை நக்குகிறது, உதிர்ந்து கிடக்கும் பழைய கொம்பையே வாயில் கவ்விக் கடிக்கிறது. காட்டில் அத்தனை கொம்பு உதிர்ந்தும் நம் கண்ணில் அதிகம் படாததற்கு மானின் இந்தப் பழக்கமும், முள்ளம்பன்றியின் பல்லும் காரணம். புள்ளிமானுக்குக் குட்டி வருஷத்தில் எந்த மாதமும் பிறக்கலாம். ஆயினும் ஏறத்தாழ எட்டு மாதக் கர்ப்பத்துக்குப் பிறகு பெரும்பாலான குட்டிகள் சில குறிப்பிட்ட மாதங்களிலேயே விழும்படி அந்தந்தப் பிரதேசத்து மழை ஒழுங்கு செய்துவிடுகிறது. பிறந்த குட்டியைத் தாய் சில நாள் புதரில் ஒளித்து வைத்து, பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும் வந்து போகிறது. மேய்வதற்குக் கட்டைப்புல்லும், ஒளிப்பதற்கு அடர்ந்த புதரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் இது நடக்கும்.

இனி கடமானுக்கு வருவோம். தெற்கே மிளா என்று வழங்கும் இந்தப் பெரிய மானின் ஆண் 200 கிலோவைத் தாண்டும். புள்ளிமானுக்கு வெளிச்சம் எப்படியோ, கடமானுக்கு மறைவு அப்படி. கூட்டம் சேராது, தாயும் குட்டியுமாகவோ தனியாகவோ மலைச்சரிவின் மரச்செறிவில் பகலைக் கழித்துவிட்டு, இருட்டிய பிறகு வெளிவரும். புல், தழை, மரப்பட்டை, பழம் என்று எதையும் ஒதுக்காத வயிறு அதற்கு இருப்பதால், கோடையில் புள்ளிமான் தவிக்கும் அளவுக்கு அது தவிப்பதில்லை. ஆனால் நிழலும் சேறும் இல்லாமல் அதனால் இருக்க முடியாது. சேற்றுக் குழியில் புரண்டு, உடம்பெல்லாம் மண் பூசிக்கொண்டு, உண்ணிக்கும் வெப்பத்துக்கும் ஒருசேர மருந்து செய்துகொள்கிறது. ராஜஸ்தானத்து ரன்தம்போரில், சுற்றியுள்ள குன்றெல்லாம் காய்ந்து வெடிக்கும் கோடையில், கடமான்கள் ஏரிக்குள் மார்பளவு இறங்கி நீர்ப்பூண்டுகளைத் தின்பதைப் பலரும் படம் பிடித்திருக்கிறார்கள். முதலைகள் இருக்கும் ஏரி அது. 1980-களில் கெங்கிஸ் என்று பெயர் பெற்ற ஒரு புலி அந்த ஏரிக்குள்ளேயே பாய்ந்து கடமானை அடிக்கக் கற்றுக்கொண்டதும் எல்லோரும் அறிந்ததே. கரையில் தீனியில்லாதபோது, முதலை வாய்க்கும் புலி வாய்க்கும் நடுவே நின்றாவது தின்ன வேண்டியிருக்கிறது.

அதே கடமான் உதகைக்கு மேற்கே, 2,000 மீட்டருக்கு மேலுள்ள முக்குருத்திப் புல்வெளியில் வேறொரு கஷ்டத்தைச் சந்திக்கிறது. அங்கே பகையாவது வெயில் அன்று, உறைபனி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் விழும் உறைபனி புல்லைக் கருக்கி, மலைமுகடுகளை வைக்கோல் நிறமாக்கிவிடுகிறது. மடிப்புகளில் ஒண்டியிருக்கும் சோலைக்காடுகளில் மட்டும் குளிர் அவ்வளவு உறைப்பதில்லை. இலையும் பச்சையாகவே இருக்கிறது. பகலில் சோலைக்குள் ஒதுங்கி, அந்தியில் அதன் விளிம்பில் மேய்ந்து கடமான் அந்த மாதங்களைத் தள்ளுகிறது. புல்வெளியைத் தரிசென்று கருதி வாட்டில் மரமும் யூகலிப்டசும் நட்டவர்களுக்கு, சோலையும் புல்லும் சேர்ந்துதான் ஒரு வீடு என்று தோன்றாமல் போயிற்று.

கேளையாட்டையும் சருகுமானையும் இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: இரண்டும் சிறியவை, உதிர்ந்த பழத்தையும் மென்மையான தளிரையும் நம்பியவை, அடர்ந்த காட்டைவிட்டு வெளியே வர விரும்பாதவை. பழம் இல்லாத மாதம்தான் அவற்றின் பஞ்ச மாதம்.

முதுமலையில் கோடை என்பது எல்லா மானுக்கும் கோடை ஆகிவிடாது. இலங்கையின் வில்பத்துக் காட்டில், வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் புள்ளிமான்களுக்கு, நம் மேற்கு மலைச்சரிவில் மழை கொட்டும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களே வறட்சியின் உச்சம். அப்போது அவை வில்லு என்று அங்கே வழங்கும் இயற்கை ஏரிகளின் கரையில் வந்து திரள்கின்றன. நீர் வற்ற வற்ற விளிம்பில் வெளிப்படும் ஈரத்தரையின் புல்லே அவற்றுக்குச் சோறு. நம் வயல் செய்யும் காரியத்தை அங்கே வில்லு செய்கிறது.

இந்தப் பஞ்சாங்கத்தில் மனிதன் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மணிப்பூரின் சங்காய் மானைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. லோக்தாக் ஏரியில், வேரும் சேறும் மக்கிய செடியும் பின்னிக்கொண்டு மிதக்கும் தடித்த மெத்தைகளுக்குப் பும்தி என்று பெயர். அந்த மிதக்கும் தரைதான் சங்காய் மானின் ஊர். முற்றிலும் அழிந்துவிட்டது என்று 1951-இல் எழுதப்பட்ட இந்த மானை, 1953-இல் இ. பி. ஜீ என்ற இயற்கை ஆர்வலர் மீண்டும் கண்டறிந்தார். 1975-இல் வானிலிருந்து எண்ணியபோது இருந்தவை 14. அதன் பிறகு 1977-இல், 40 சதுர கிலோமீட்டர் பரப்பில், கெய்புல் லம்ஜாவோ தேசியப் பூங்கா ஏற்பட்டது, வேட்டை கட்டுப்பட்டது, மானும் பெருகலாயிற்று. ஆனால் 1983-இல் மின்சாரத்துக்காக இத்தாய் என்னுமிடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டப்பட்டதும், ஏரியின் நீர்மட்டம் வருஷம் முழுவதும் உயர்ந்தே நின்றுவிட்டது. இதனால் விளைந்த கேட்டைப் புரிந்துகொள்ளப் பழைய ஒழுங்கை அறிய வேண்டும். முன்பெல்லாம் வறண்ட மாதங்களில் ஏரி தாழும். பும்தி அடித்தரையில் போய் உட்காரும். அதன் செடிகள் மண்ணில் வேர்விட்டு உரத்தை உறிஞ்சிப் பலப்படும். மழை வந்ததும் கொழுத்த மெத்தையாக மீண்டும் மிதந்தெழும். இப்போது உட்காரும் பருவமே இல்லாமற் போய், பும்தி பல இடங்களில் மெலிந்து, மானின் பாரத்தைத் தாங்க மாட்டாமல் ஆகிவிட்டது. 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 260 மான்கள் என்று வந்தது ஆறுதல்தான். எனினும் அவை நிற்கும் தரை மெலிகிறதே என்ற கவலை நீங்கவில்லை. வறட்சியும் ஒரு பருவம், அதையும் பிடுங்கிக்கொள்ளக் கூடாது என்று அணை கட்டியவர்கள் நினைத்தும் பார்க்கவில்லை.

காஷ்மீரத்து ஹங்குல் மானின் துயரம் இதற்கு மறுபக்கம். தாச்சிகாம் பூங்காவின் 141 சதுர கிலோமீட்டரில், பனிக்காலத்தில் தாழ்ந்த பள்ளத்தாக்கிலும், வேனிலில் உயர்ந்த மலைப்புல்வெளியிலுமாக அது ஏறி இறங்கி வாழ்ந்தது. பனிக்கால வீட்டை வேலியிட்டுக் காத்தோம். வேனில் வீட்டில் ஆட்டுமந்தைகளும் காவல் நாய்களும் புகுந்துவிட்டன. குட்டிக்குப் பால் கொடுக்க வேண்டிய பிணைகளுக்கு மேலே போய் மேய வழியில்லாது போயிற்று. 2008-இல் எண்ணியபோது 127 மான்களே மிஞ்சியிருந்தன.

முதுமலைக்குத் திரும்பினால், அங்கே இன்று மானின் கோடைத்துண்டை விழுங்கிக்கொண்டிருப்பவை இரண்டு செடிகள். உண்ணிச்செடியின் கதை பழையது. மானின் வாய்க்கு ஆகாத இலை, பறவைகள் பரப்பும் பழம், தீயும் வெட்டும் அழிக்க முடியாத வேர். மஞ்சள் கொன்றை என்ற மரமோ பூவழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, காட்டில் பரவி, தன் நிழலில் புல் முளைக்கவொட்டாமல் செய்கிறது. வனத்துறையார் அதை வெட்டியகற்றும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள். வெட்டிய மரம் காகித ஆலைக்குப் போகிறது. செய்ய வேண்டிய வேலைதான். எங்கே முதலில் வெட்டுவது என்று கேட்டால், சாலையிலிருந்து பார்க்க அழகாக இருக்கும் இடத்தைவிட, ஆற்றோரத்தையும் வயல் விளிம்பையும்தான் நான் சொல்வேன்.

கோடையில் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டி நிரப்புவதையும் தர்மகாரியமாக எல்லோரும் பாராட்டுகிறோம். தாகத்துக்கு அது உதவுகிறது, சந்தேகமில்லை. ஆனால் தொட்டி இருக்கும் இடத்தில் மான் குவியும். குவிந்த இடத்தில் எஞ்சிய தழையெல்லாம் வாரத்தில் தீரும். தண்ணீர் இருந்தும் தீனி இல்லாத வட்டம் ஒன்று தொட்டியைச் சுற்றி உண்டாகும். தொட்டிகளைப் பலவாகச் சிதறி வைப்பதும், தீனி மிஞ்சியிருக்கும் பக்கமாக வைப்பதும் ஊரிலிருந்து பார்த்துத் தீர்மானிக்கக்கூடியவை அல்ல. அந்தக் காட்டின் ஒவ்வொரு பள்ளத்தையும் அறிந்த குறும்பரையும் இருளரையும் கேட்டால் விடை கிடைக்கும்.

தமிழ்நாட்டுப் புலிகள் காப்பகங்களில் பருவமழைக்கு முன்னும் பின்னுமாக வனவிலங்குகளை இருமுறை எண்ணுகிறார்கள். இரண்டு எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியதன் நியாயம் இதுவரை சொன்னவற்றிலிருந்து விளங்கும். ஏப்ரல் விடுமுறையில் தெப்பக்காட்டுக்குப் போகிறவர் ஆற்றங்கரையில் நூறு மானை ஒருங்கே பார்த்துவிட்டு, காடு மானால் நிரம்பி வழிகிறது என்று ஊருக்குத் திரும்பிச் சொல்லுகிறார். ஆகஸ்டில் அதே கரைக்குப் போகிறவர் பத்து மானைக் கண்டுவிட்டு, எல்லாம் போயிற்று என்று அங்கலாய்க்கிறார். இருவரும் பார்த்தது ஒரே மான்களாக இருக்கலாம். முதலாமவர் பார்த்தபோது அவை போக்கிடமின்றிக் குவிந்திருந்தன, இரண்டாமவர் பார்த்தபோது வயிறு நிறைந்து பரந்திருந்தன. ஏப்ரலில் போகிறவர் தலைகளை எண்ணுவதோடு நின்றுவிடாமல், விலா எலும்பு தெரிகிறதா, இடுப்பின் குழி எவ்வளவு ஆழம் என்று பார்க்கட்டும்; நீர்க்கரைப் புதர்களில், மான் கழுத்தை நீட்டி எட்டும் உயரம் வரைக்கும் தழை கத்தரித்தாற்போல் ஒரே மட்டமாகக் காலியாகியிருக்கிறதா என்றும் பார்க்கட்டும். அந்த மட்டம் மானின் மூக்குக்கு மேலே ஏறியிருந்தால், மழை வர இன்னும் எத்தனை வாரம் என்று அவரும் கணக்குப் போடத் தொடங்கலாம்.